ஹெரால்டின் தோல் சீட்டும் ஸ்ரீலக்ஷ்மியின் ஜானவாசமும்

மயிலாப்பூர்,
சனிக்கிழமை.

சிரஞ்சீவி சந்திரமௌலிக்கு அத்திம்பேர் ரகுபதி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா விசாலாக்ஷியும் சௌக்கியம், ஆனால் தனித்தனியாக. நங்கநல்லூரில் நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், நான் போனில் பேசினால் அவள் பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்கிறாள். அதனால் கடிதம்.

உன் பெண் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பத்து வயதாகும்போது, அவள் மாப்பிள்ளையை ஜானவாச ஊர்வலத்துக்கு என் பழைய ஹெரால்ட் காரில் உட்கார்த்தி நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும் போய்ப் பார்த்தால் பின் சீட்டில் ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது. மேல் மூடி திறந்த வண்டியில் மாப்பிள்ளை துள்ளித் துள்ளி ஊர்வலம் வந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ராயப்பேட்டையில் சீட் தைக்கும் அப்துல் கய்யூமிடம் கொண்டு போனேன். நல்ல மனிதர். "ரெக்ஸினா, அசல் லெதரா சார்? எதுக்கும் வூட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். நான் முப்பத்தைந்து வருஷம் வானிலை அலுவலகத்தில் இருந்தவன். வீட்டு நிலவரத்தைக் கேட்காமலே கணித்துவிடலாம் என்று நம்பி, அசல் லெதர் என்றேன்.

வண்டி வந்தது. தேன் நிறம், வரிவரியாகத் தையல், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. விசாலாக்ஷி கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "ஏன்னா, இது எந்தத் தோல்னு கேட்டேளா?" கேட்கவில்லை. கய்யூம் பாய்க்குப் போன் போட்டேன். "லெதர்னா மாட்டுத்தோல்தான் சார்" என்றார். பசுவா எருமையா என்று விசாரித்தேன். "தோலு வரும்போது நான் இன்னாருன்னு சொல்லிக்கினா வருது?" என்றார். பசு என்றால் பாவம், எருமை என்றால் அவ்வளவு இல்லை என்று எனக்குத் தோன்றியதால் எருமை என்று வீட்டில் அறிவித்தேன். "எமன் வாகனத்து மேலயா நம்மாத்து மாப்பிள்ளையை உக்கார வெக்கப் போறேள்?" என்றாள். சரி, பசுவாகவும் இருக்கலாம் என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கடைசியில் தீர்ப்பு: "கல்யாணத்துக்கு ஒண்ணு அந்த வண்டி வரும், இல்லேன்னா நான் வருவேன்."

வேறு வழியில்லாமல் உன் மிருதங்கத்தை இழுத்தேன், மன்னித்துக்கொள். அதில் பசு, எருமை, ஆடு மூன்றும் இருக்கின்றனவே, சரஸ்வதி பூஜைக்கு அதைப் பூஜை அறையில் வைத்துச் சந்தனம் இடுகிறோமே என்றேன். "அது பேசும். உங்க சீட்டு பேசறதா?" என்றாள். எழுந்திருக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதை எனக்குச் சாதகமாகச் சொல்ல முடியவில்லை.

போன வாரம், வண்டிக்குப் பூஜை போட்டால் மனம் மாறுவாளோ என்று, உங்கள் ஊர் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பினோம். தோல்மேல் வடைமாலை வரக்கூடாது, அவளும் வரமாட்டாள். ஆகவே அவளும் வடைமாலையும் ஆட்டோவில், நான் பின்னால் ஹெரால்டில். கிண்டி தாண்டியதும் ஆட்டோக்காரர் அவளிடம், "யம்மா, பெருசு ஒண்ணு பழைய காரை எடுத்துக்கினு மந்தவெளிலேர்ந்து நம்ம பின்னாடியே வந்துக்கினு கீது. தெரிஞ்சவரா?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டாள். அடுத்த சிக்னலில் அவர் இறங்கி வந்து, "இன்னா பெரியவரே, இந்த வயசுல?" என்றார். நான் என் மனைவியைக் காட்டினேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு இது எனக்கு வலித்தது, சந்திரமௌலி.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடுவதில்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்லோகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டு சுலோச்சனா மாமியின் வகுப்புக்குப் போகிறாள், நாலு மணிக்கு முகத்தில் ஒரு தெளிவோடு திரும்பி வருகிறாள். பக்தி என்று குறித்துக்கொண்டேன்.

ஆகவே ஹெரால்டை எதிர்பார்க்காதே, வேறு திறந்த காருக்குச் சொல்லிவிடு. வண்டி இல்லாமல் கல்யாணம் நடக்கும். உன் அக்கா இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை? திங்கட்கிழமை கய்யூம் பாய் வந்து தோலைப் பிரித்துவிட்டு ரெக்ஸின் போடப் போகிறார். அப்போதும் அவள் ஏறமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் வாக்குத் தவறியதை ஸ்ரீலக்ஷ்மியிடம் நீயே பக்குவமாகச் சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

குழந்தைகள் இருவரும் எந்த வண்டியில் ஏறினாலும் ஒரே வண்டியில் ஏறி, தீர்க்காயுசாக இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்திம்பேர் ரகுபதி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சுலோச்சனா மாமி இன்று வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டு மாடியேறி வந்து, "விசாலத்துக்கு உடம்பு சரியில்லையா? இந்த வாரம் பூரா கிளாசுக்கே வரலையே" என்று கேட்டுவிட்டுப் போனார். மணி மூன்று. கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஹெரால்டின் பின் சீட்டில், மார்பில் ஸ்லோகப் புத்தகத்தோடு, நான் நாலு நாளாகத் தேடும் என் தலையணையை வைத்துக்கொண்டு, உன் அக்கா காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பாமல் வந்துவிட்டேன். வேறு காருக்குச் சொல்லாதே. கய்யூம் பாயையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும், அத்திம்பேர் சீட்டை ரெக்ஸினுக்கு மாற்றிவிட்டாராம் என்று நீ ஒரு வார்த்தை சொல். நம்பிவிட்டேன் என்று அவளும் சொல்வாள்.