வட்டப்புழு

மூன்று வாரமாகத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த செம்பருத்தி அன்று காலை ஏழு பூ பூத்து நின்றது. அதைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

செடி வாடினால்தான் தொப்பிக்காரர் வருவார். நர்சரியில் செம்பருத்தியா, எலுமிச்சையா என்று இவர் முழித்துக்கொண்டிருந்தபோது, இரண்டையும் பொறுக்கிக் கையில் கொடுத்தவர் அவர்தான். "இலை வாடுச்சுன்னா போன் பண்ணுங்க சார், வந்து பாக்கறேன்" என்று நம்பரும் கொடுத்தார். முதல் தடவை வந்தபோது இலையை ஐந்து நிமிஷம் பார்த்தார். மீதி இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் குரல் கொடுத்தது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் நடுநடுவே நின்றுவிடும்.

குமாஸ்தா எலுமிச்சையை வெயில் படாத மூலைக்குத் தள்ளினார். அது சுவரில் சாய்ந்துகொண்டு காய்த்தது. ரோஜா வைத்தால் பூச்சி நிச்சயம் என்று எதிர்வீட்டம்மா சொன்னதை நம்பி நாலு ரோஜா வாங்கினார். பூச்சி எதிர்வீட்டுக்கு மட்டும் போயிற்று. கொய்யாவுக்கு ஆறிப்போன காப்பியை ஊற்றிப் பார்த்தார். அதற்குக் காப்பி பிடித்துப்போய், ஒரே வாரத்தில் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் கிளையை நீட்டியது.

வேறு வழியில்லாமல், முப்பது வருஷம் ஆபீஸ் காகிதங்களுக்கு ஓட்டை போட்ட பஞ்சிங் மெஷினை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். இலைக்கு இரண்டு ஓட்டை, ஃபைலில் கோக்கிற இடைவெளி தப்பாமல்.

தொப்பிக்காரர் வந்தார். ஓர் இலையைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகக் குமாஸ்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வட்டப்புழு" என்றார்.

"ஆபத்தா சார்?"

"லேசுல விடாது. வாரம் மூணு நாள் வந்து பாக்கணும்."

"உங்களுக்கு எதுக்கு சார் அவ்வளவு சிரமம்" என்றார் குமாஸ்தா, நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. அப்புறம் மழை வந்தது. ஓட்டை இலைகள் உதிர்ந்து, தோட்டம் முழுக்க வெட்கமில்லாமல் துளிர்த்தது. பஞ்சிங் மெஷினும் ஸ்பிரிங் தெறித்து, மூடிய வாயைத் திறக்க மறுத்தது. நாளைக்குத் தொப்பிக்காரர் வந்தால், குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதோடு சரி.

குமாஸ்தாவுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். உட்கார்ந்து மனு எழுதினார். 'பொருள்: செடிகள் நல்ல நிலையில் இருப்பினும், தொப்பி அணிந்த தங்கள் ஊழியரைத் தொடர்ந்து அனுப்பிவைக்கக் கோருதல்.' அதை நர்சரியில் பில் போடும் பெண்ணிடம் நீட்டினார். ஆள் அடையாளமும் சொன்னார்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அவர் எங்க ஆளே இல்லீங்க சார், ரிட்டயர்டு பல் டாக்டர், காலைலதான் வந்து, 'சிநேகிதர் வீட்டுக்கும்மா, சீக்கிரம் நோய் பிடிக்கிற செடியாப் பாத்துக் குடு'ன்னு ஒண்ணு வாங்கிட்டுப் போனார்."