மணி அடிக்காத தேர்வு

“ஸ்பானிஷ் படிச்சு நீ ஆரோடை கதைக்கப் போறாய்?”

வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே அப்பா கேட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது.

“இருபது நாட்டிலை கதைக்கினம் அப்பா.”

“கனடாவிலை பெரியம்மா இருக்கிறா. சுவிஸிலை மாமி இருக்கிறா. உந்த இருபது நாட்டிலையும் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் கேட்கவில்லை. ஊரில் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஓடியதில் அப்பாவின் படிப்பு எட்டாம் வகுப்போடும் அம்மாவின் படிப்பு மூன்றாம் வகுப்போடும் நின்றுபோயின. செவன் கிங்ஸ் என்ற புறநகரில் குடியேறிய எங்கள் வீட்டில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஏ லெவல் படிப்பு வரை வந்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. (இப்போதும் இருக்கிறது. குறைக்கும் எண்ணமில்லை.)

ஸ்பானிஷ் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். இலக்கியத்துக்கு ஒரு நாடகமும் ஒரு நாவலும். நாடகம் முழுக்கச் சாவு, குடும்ப மானம், அயலவர் என்ன சொல்வார்களோ என்ற பயம். மற்றவர்களுக்கு அதை விளங்கவைக்க மிஸ் மூன்று கிழமை பாடுபட்டார். எங்கள் சொந்தக்காரரின் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போயிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

என்னைக் கவிழ்த்தது வாய்மொழித் தேர்வு. நாமே தெரிவு செய்த ஒரு தலைப்பை ஆராய்ந்து, இரண்டு நிமிடம் பேசி, பிறகு தேர்வாளரோடு உரையாட வேண்டும். நான் எடுத்தது, அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய தாய்மார்.

எங்கள் சாமித்தட்டில் சிவா மாமாவின் படம் இருக்கிறது. அம்மாவின் தம்பி. போரின் கடைசியில் இராணுவம் கூட்டிப்போனது, திரும்பவில்லை. படத்துக்கு மாலை கிடையாது. போட்டால் செத்துப்போனார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் என் தலைப்பை அம்மாவிடம் சொல்லவில்லை. “அர்ஜென்டினா வரலாறு” என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

“பாடமாக்காதே, உரையாடு” என்று மிஸ் எத்தனையோ முறை சொன்னார். ஆனால் நான் ஐந்து வயதிலிருந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் போனவள். நான்கு கேடயங்கள் வாங்கியவள். எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான்: எழுது, பாடமாக்கு, கையை ஆட்டு, மணி அடிக்கும்வரை நிறுத்தாதே.

ஐந்து பந்திகள் எழுதினேன். பதினொரு நிமிடம் வந்தது. பயிற்சி தந்தது அம்மா. ஒரு சொல் விளங்காமல், வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா திருத்துவா.

“கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து.”

“அம்மா, இது போட்டி இல்லை.”

“எதெண்டாலும் நிப்பாட்டாதை. நிப்பாட்டினா மாக்ஸ் குறைப்பினம்.”

தன் கதையைத்தான் தனக்கு முன்னால் ஒப்புவிக்கிறேன் என்று தெரியாமல், “இந்த இடத்திலை குரல் நடுங்கோணும்” என்றும் சொன்னா. சொன்ன இடமும் சரியாகத்தான் இருந்தது.

தேர்வு நாள் காலை. சின்ன அறை, ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார். உட்காரச் சொன்னார். நான் நிமிர்ந்து நின்றேன். கைகூப்பி, அவையோருக்கு ஸ்பானிய மொழியில் வணக்கம் சொன்னேன். (அவையோர்: ஒருவர்.) முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்துக்கு வேண்டிய குரலில் தொடங்கினேன்.

இரண்டாவது நிமிடத்தில் அவர் “கிராசியாஸ்” என்றார். நன்றி என்று அர்த்தம். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தொடர்ந்தேன். மறுபடி “கிராசியாஸ்.” தொடர்ந்தேன். மணி அடிக்கவில்லையே! சர்வாதிகாரத்தைச் சுட்டி வலக்கையை வீசியபோது கருவி மேசையிலிருந்து கீழே விழுந்தது. அப்போதுதான் நின்றேன். இரண்டு பேரும் மண்டியிட்டு அதைத் தேடி எடுத்தோம். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தத் தலைப்பை நீ ஏன் எடுத்தாய்?”

ஐந்து பந்தியிலும் இதற்குப் பதில் இல்லை. மாமாவின் படம் கண்ணுக்குள் வந்தது. பதிலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். தம்பி. அம்மா. மாலை. முதல் வருடத்தில் படிக்கும் சொற்கள். வாயைத் திறந்தேன். மூன்றாம் பந்தி வந்தது. நாட்டின் பொருளாதார நிலை, கையசைவோடு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா. “என்ன கேட்டவை?”

“ஏன் இந்தத் தலைப்பு எண்டு.”

“அப்பிடி என்ன தலைப்பு?”

சொன்னேன். அம்மா சாமித்தட்டைப் பார்த்தா.

“நீ என்ன சொன்னனீ?”

“மூண்டாம் பந்தியைச் சொன்னனான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு மறுபடி சிரித்தா. எது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓகஸ்டில் முடிவு வந்தது. எழுத்தில் நல்ல புள்ளிகள். வாய்மொழி எல்லாவற்றையும் கீழே இழுத்திருந்தது. இடம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகம் கைவிரித்தது; வேறொன்று எடுத்துக்கொண்டது. முடிவுக்கு முதல் நாளே எனக்கு இடம் கிடைத்துவிட்டதாக ஊர் முழுக்கப் போனில் அறிவித்த அப்பா, மறுபடி ஒவ்வொருவராக எடுத்து, “வேறை ஒண்டு, அதுவும் நல்லதுதான்” என்று சொன்னார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அந்த ‘வேறை ஒண்டில்’தான் இன்று ஸ்பானிய இலக்கியம் படிக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் தப்ப ஏலாது. இனிப்புத் திண்டனீங்களோ என்று கேட்டால் அப்பா மழையைப் பற்றிப் பேசுவார். “மூண்டாம் பந்தி வேண்டாம், கேட்டதுக்குச் சொல்லுங்கோ” என்பா அம்மா.

பட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டை ஒரு ஸ்பானிய மொழி நாட்டில் கழிக்க வேண்டும். நான் அர்ஜென்டினாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸ் கேட்டேன். விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: ஏன் இந்த நகரம்? நான்கு நாள் அது வெறுமையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் அம்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தா.

“என்ன, மூண்டாம் பந்தியோ?”

அப்படியே இருந்து எழுதினேன். மாமாவின் முழுப்பெயரோடு தொடங்கினேன். ஏழு வரி. அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன், கையை ஆட்டவில்லை.

“ஓம், அனுப்பு” என்றா.

அனுப்பிவிட்டேன்.