மாப்ள மாடல்

எனக்கு ரசனை அதிகம் என்று ஒரு காலத்தில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வேறு யாரும் சொல்லாததால் அந்தப் பொறுப்பையும் நானே ஏற்க வேண்டியிருந்தது.) இப்போது சொல்வதில்லை. வாயைத் திறப்பதற்குள் வீட்டில் யாராவது சிரித்துவிடுகிறார்கள். காரணம் ஒரு கார்.

பெயர் வேண்டாம், கம்பெனிக்காரர்களோடு எனக்குப் பகையில்லை. பெரம்பலூர் பக்கம் கல்யாண மண்டப வாசலில் பத்து கார் நின்றால் நாலு அதுவாகத்தான் இருக்கும். பெரிய வட்டக் கண், உருண்டை முகம், ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற மாதிரி ஒரு குணம். அந்தக் குடும்பக் காரைக் கம்பெனி புதிதாக வடிவமைத்தது. முன்விளக்குகள் கோடாக மெலிந்தன. கிரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகன்றது. கூரை பின்பக்கம் சரிந்து இறங்கியது. நான் யூடியூபில் பதினான்கு விமர்சனங்கள் பார்த்துவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்கிவிட்டேன். அரியலூரில் சிமென்ட் ஆலை வேலை. சாம்பல் நிறத்தையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது ரதமாகத் தெரிந்தது.

மற்றவர்களுக்குத் தெரியவில்லை. என் தாய்மாமா பாடாலூரில் ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ரோட்டில் போகிற அத்தனை வண்டியையும் அவர்தான் பாஸ் செய்து அனுப்புகிறார் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“ஏன்டா, காரு வாங்கப் போறேன்னுட்டு கெளுத்தி மீனை வாங்கிட்டு வந்திருக்க?”

“இதுக்குப் பேரு டிசைன் லாங்குவேஜ் மாமா.”

“என்ன பாஷையோ போ. கெட்ட வார்த்தை பேசற மாதிரியே இருக்கு.”

அம்மாவின் கவலை வேறு. “கோவமா மொறைக்குதேடா! ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க இதுலயா போறது? அந்த வூட்டுல பாத்தா என்ன நெனப்பாங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயமே. அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகம், ஒன்று உயரம். மூன்றாவது வீட்டில் ‘பையன் ரொம்பப் பேசறாரு’ என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். (இதில் உண்மை இல்லாமல் இல்லை.) நாலாவது, விக்கிரமங்கலம் தேன்மொழி. அரியலூரில் ஒரு வங்கியில் வேலை. பெரியவர்கள் அனுமதியோடு ஒருமுறை போனில் பேசினோம். இருபது நிமிடம் என் காரின் முன்முகத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க சிமென்ட் கம்பெனின்னு சொன்னாங்க, கார் கம்பெனியா?” என்றாள். கேலி செய்கிறாள் என்று தெரிந்தும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது.

ஞாயிறு மத்தியானம் நான் நாலாவது முறையாகத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அம்மா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கோபமான முகத்துக்குச் சந்தனம் குளிர்ச்சி என்றார். முகத்தோடு நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கிளம்பியதிலிருந்து கார் கத்த ஆரம்பித்தது. வேகத்தடையில் பீப். அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது விடாமல் பீப். “கெளுத்தி மீனுக்குத் தண்ணி தவிக்குது போல,” என்றார் மாமா. எரிச்சலில் எச்சரிக்கைச் சத்தத்தையே அணைத்துவிட்டேன். அன்று நான் செய்த முதல் அறிவாளித்தனம் அது.

தேன்மொழியின் அப்பா வாசலுக்கு வந்து கும்பிட்டார். பருத்தி, சோளம் போடுகிற பெரிய விவசாயி. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், மாப்பிள்ளையைத் தாண்டிப் போய்க் காரைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

“மூஞ்சி பரவால்ல தம்பி. பழகிடும். இந்தக் கூரைதான்... இவ்ளோ சரிஞ்சா பின்கண்ணாடி வழியா என்னங்க தெரியும்? தபால்பெட்டி ஓட்டையாட்டம் இருக்குது.”

“அதுக்குத்தான் கேமரா இருக்குங்க,” என்றேன். (சார் என்பதா, மாமா என்பதா என்று தெரியாமல் அன்று முழுக்க ‘ங்க’ போட்டே காலம் தள்ளினேன்.)

“என்ன இருந்தாலும் பழைய மாடல்தான் லட்சணம்.”

அத்தோடு விட்டிருக்கலாம். கூடத்தில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டே கூரையைப் பற்றி வாதாடினேன். தேன்மொழி காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கினேன், முகத்தைப் பார்க்கவில்லை. முக்கியமான கட்டத்தில் இருந்தேன்.

“பழையதுல என்னங்க இருக்கு? பின்பக்கம் பாத்தா ட்ரங்குப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கும்.”

மாமா என் தொடையைக் கிள்ளினார். தேன்மொழிதான் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா அந்தக் காருதான் வச்சிருக்காங்க. ஒம்பது வருசமா. நான் ஓட்டப் பழகுனதே அதுலதான்.”

சாதாரண மனிதன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் ரசனை உள்ளவன் இல்லையா? “தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி நெழல்ல நிக்குது, அதான் எடுப்பாத் தெரியல. வெயில்ல திருப்பி நிறுத்துறேன், அப்ப பாருங்க,” என்று எழுந்துவிட்டேன்.

மொத்தக் கூட்டமும் வாசலுக்கு வந்தது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசி போட்டு, ரிவர்ஸ் கியர் போட்டேன். திரையில் படம் வரவில்லை. மஞ்சளாக ஒரு மூட்டம், நடுவில் சிவப்பு. சாயங்கால வெயில் கேமராவில் அடிக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தின் உச்சிக்கிளை தெரிந்தது. வாசலில் எல்லோரும் கைகளை ஆட்டினார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கை ஆட்டினேன்.

டமால்.

வேப்பமரத்தடியில் நின்ற பழைய மாடல் வெள்ளைக் காரின் இடது கண் நொறுங்கிக் கிடந்தது. பானெட் ஒருபக்கம் கோணிக்கொண்டது. என் காரின் பின் பம்பர் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்கு மேலே, வாகனம் எதையாவது நெருங்கினால் கண்டுபிடித்துச் சொல்லும் நான்கு வட்ட சென்சார்களிலும் நான்கு சந்தனப் பொட்டுகள், துளியும் கலையாமல். கேமராவில் ஐந்தாவது பொட்டு, குங்குமத்தோடு.

“வட்ட வட்டமா எடம் விட்டிருந்தானேடா!” என்றார் அம்மா, அழுகிற குரலில். “பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் விட்டிருக்கான்னு நெனச்சேன்!”

தேன்மொழியின் அப்பா தன் காரின் பானெட்டைத் தடவியபடி நின்றார். என் புதுக் காரைப் பற்றிய நினைப்பே இல்லை. எல்லாம் போயிற்று, இந்தப் பெண் இனி எனக்கு இல்லை என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. “என் தப்புதான், மன்னிச்சிடுங்க மாமா,” என்றேன். அந்த ‘மாமா’ தானாக வந்து விழுந்தது.

தேன்மொழி இறங்கி வந்து இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். அடக்க முடியவில்லை.

“இப்ப சொல்லுங்கப்பா. எது லட்சணம்?”

அவர் கடுகடுவென்று இருக்கத்தான் முயன்றார். மீசை துடித்தது. “கோவப்படணும்னுதான் பாக்குறேன் தாயி,” என்றார். “ஆனா கூரை சரிஞ்சா பின்னாடி தெரியாதுன்னு நான் சொன்னதை இம்புட்டு வெளக்கமா யாரு நிரூபிச்சுக் காட்டுவாங்க? உள்ள வாங்க தம்பி, காபி ஆறிடுச்சு. வேற போடச் சொல்றேன்.”

வாதத்தில் ஜெயித்த மனிதர் எதையும் மன்னிப்பார் என்று அன்று தெரிந்துகொண்டேன். தேன்மொழி ஏன் சரி என்றாள் என்பதை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன். “கூரையப் பத்தி முக்காமணி நேரம் பேசுனீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க. பொழைச்சுக்கலாம்னு தோணுச்சு,” என்றாள்.

மாமனார் விளக்கை மட்டும் மாற்றினார். பானெட்டின் கோணலை எடுக்க நான் எத்தனையோ முறை கெஞ்சியும் விடவில்லை. இன்றும் நான் எந்த விசேஷத்தில் ரிவர்ஸ் எடுத்தாலும் மச்சான்களில் ஒருவன் துணியோடு ஓடிவந்து கேமராவைத் துடைத்துவிட்டுப் போவான்.

போன மாதம் அதே கார் மறுபடியும் புது வடிவத்தில் வந்திருப்பதாகச் செய்தி பார்த்தேன். அன்று மாலையே மாமனார் போன் செய்தார்.

“பாத்தீங்களா மாப்ள, எப்படி இருக்குது?”

“நீங்களே சொல்லுங்க மாமா.”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. “இதுலயும் கூரை சரிஞ்சுதான் இருக்குது. நமக்கு வேணாங்க. நான் நீங்க டிசைன் பண்ணிக் குடுத்த இந்த மாப்ள மாடலையே ஓட்டிக்கிறேன்.”