பரண் மேல் ஓவர்டைம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் அசிங்கப்படப் போவது ஓவர்டைம் அண்ணன் இல்லை, நான். சரி, போகட்டும்.

ஓசூரிலிருந்து அஞ்செட்டி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ஓவர்டைம் அண்ணனைப் போல இன்னொரு ஆள் கிடைக்காது. எதையும் இரண்டு மடங்கு செய்வார். ஓசூர் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியபோது எல்லாருக்கும் ஒரு ஷிப்ட், இவருக்கு இரண்டு. குடியிலும் அப்படியே. ஒருநாள் மெஷின் முன்னால் நின்றபடியே குறட்டை விட்டார். "குடிய வுட்டுட்டு வா" என்று சூப்பர்வைசர் எங்கள் மலையூர் நாட்றாம்பாளையத்துக்கே அனுப்பிவிட்டார்.

ரத்னா அண்ணியும் பெட்டியோடு நாகரசம்பட்டியில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். "ராகி அறுப்புக்கு வருவேன். தெளிஞ்சி இருந்தா இருக்கேன். இல்லன்னா மிச்சத் துணியையும் எடுத்துக்கினு போயிடுவேன்."

அண்ணன் பயந்துவிட்டார். எங்கள் மலைக்கு டாக்டரும் வரமாட்டார், பஸ்ஸும் நினைத்தால்தான் வரும். ஆனால் குடியை விட நினைக்கிறவர்கள் தினமும் ஆறு மணிக்குக் கூடிப் பேசுகிற வீடியோ மீட்டிங் ஒன்று போனில் சிக்கியது. சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்: அண்ணனின் ராகிக் கொல்லையில், யானைக் காவலுக்குப் புளியமரத்தில் கட்டிய பரண்.

முதல் நாளே கம்பெனி யூனிஃபார்ம், சேஃப்டி ஷூவோடு ஏறினார். பிரஸ் சத்தத்தில் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கர் ஃபுல்.

"என் பேரு ஓவர்டைம்! நான் குடிகாரன்!"

மூன்று கொல்லை தாண்டிக் கேட்டது.

"ண்ணா, அது ஊருக்கே தெரியும். புதுசா எதுனா சொல்லு!" என்றேன் கீழேயிருந்து. தினமும் போய்ச் சீண்டுவதுதான் அப்போது எனக்கு வேலை.

பத்தாம் நாள், ஒரு மீட்டிங் போதவில்லை என்று ஏழு மணிக்குக் கன்னட குரூப்பிலும் சேர்ந்தார். பிறகு ஒரு கல்யாணத்தில் குடித்து வழுக்கிவிட்டார். மறுநாள் தமிழில் அழுதுகொண்டே சொல்லி, குடிக்காத நாள் கணக்கை ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஏழு மணிக்கு அதே வாய், "இவத்து இப்பத்து தின ஆய்த்து!" என்றது. இருபது நாள் முடிந்ததாம்!

"இன்னாண்ணா இது? தமிழ்ல ஒண்ணு, கன்னடத்துல இருபதா?"

"அது வேற டிபார்ட்மென்ட்டுடா. இங்க ரிஜெக்ட் ஆனா அங்க ஏன் லைன நிறுத்தணும்?"

ராகி முற்றிய நேரம். ஒருநாள் மீட்டிங் நடுவில் ஒற்றை யானை கொல்லைக்குள் வந்துவிட்டது. நான் பக்கத்துப் பாறைமேல் ஏறிக்கொண்டேன்.

"ண்ணா, போன ஆஃப் பண்ணு!"

"பேசிக்கினு இருக்கேன்டா, மரியாதையா இரு!"

போனில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ ஒரு அம்மா தட்டை எடுத்துத் தட்டினார். இன்னொருவர் குக்கர் மூடி. பிறகு பதினைந்து வீட்டுப் பாத்திரங்களும் ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் அலறின. அண்ணன் சேஃப்டி ஷூவைக் கழற்றிப் பரண் பலகையில் அடித்தார். இத்தனை குடிகாரர்களை ஒன்றாக அந்த யானை கேட்டதில்லை போல. காதை விரித்து நின்றது, திரும்பிக் காட்டுக்குள் போயே போய்விட்டது!

யானை ஓட்டினால் ஒரு கட்டிங் என்பது எங்கள் ஊர் வழக்கம். குதித்து ஓடி, பரணில் ஏறி, இடுப்பிலிருந்த குவார்ட்டரை நானே நீட்டினேன். அண்ணன் வாங்கினார்.

"எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்கடா" என்றார். சொல்லும்போதே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

"இப்ப யாரும் பாக்கலண்ணா" என்றேன். இளித்தேன் வேறு.

கருத்துப்போன போனைப் பார்த்தார். பிறகு, திறக்காத பாட்டிலை என் சட்டைப் பையில் செருகி, பையைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் கன்னட குரூப்பிலும் கல்யாணக் கதையைச் சொல்லி, தமிழில் எத்தனை நாளோ அதையே அங்கேயும் சொன்னார்.

அறுப்புக்கு வந்த அண்ணி இன்னும் போகவில்லை. அந்தப் பெட்டியில் இப்போது விதை ராகி இருக்கிறது.

சட்டைப்பைக்கு வந்த பாட்டில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போவதற்குள் நானே முடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் நிறைய.

நேற்று இதை முழுக்கப் படித்து அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "புடிக்கலன்னா சொல்லுண்ணா, கிழிச்சிடறேன்."

பதில் வந்தது: "கிழிக்காத, ஆறு மணிக்குப் பரணுக்கு வாடா, எடம் வுட்டுதான் உக்காந்திருக்கேன்."