குனிய முடியாத கோட்

ஒரு மனிதன் எந்த மாதத்திலிருந்து வியர்க்கலாம் என்பதைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கக் கூடாது. இதை நான் எந்தச் சபையிலும் எழும்பிச் சொல்வேன். (கூப்பிடத்தான் ஆளில்லை.)

சில வருடங்களுக்கு முன், ஜப்பானில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஊரில் டியூஷன் கொட்டிலில் செருப்போடு நின்று ஆங்கிலம் படிப்பித்தவன், பாரிஸ் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சாவதற்குள் இன்னொரு தடவை கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வேலை நிபந்தனைகளைப் படித்ததும் இரத்தம் கொதித்தது. கறுப்புக் கோட்டும் டையும் கட்டாயம். கோட்டைக் கழற்றலாம், ஆனால் கோடைகாலம் தொடங்கிவிட்டதென்று நிர்வாகம் அறிவித்த பிறகு. (சூரியனுக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை.) பாடங்களுக்கு இடையில் வாசலில் நின்று சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்புக்குச் சம்பளம் கிடையாது!

"சிரிச்சதுக்குக் காசு கேக்கிற மூஞ்சையே உது?" என்றாள் மனைவி.

என்னிடம் இருந்த ஒரே கோட், மருமகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்குத் தாய்மாமனாகப் போட்டது. கத்தரிக்காய் நிறம், தங்கக் கரை. அதோடு போனால் சீர்த்தட்டம் எங்கே என்று கேட்பார்கள். நேர்முகத்தேர்வன்று காலை, பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு ஓடினேன். குகனின் புடவைக்கடை முழுக்கச் சரிகை வைத்த மாப்பிள்ளைக் கோட்டுகள். ஒரேயொரு கறுப்புக் கோட், கண்ணாடிக்குள் நின்ற பொம்மையின் உடம்பில் இருந்தது.

"அண்ணை, உது சரியான பெரிசு. முதுகுப்பக்கம் மடிச்சுக் குண்டூசி குத்தித்தான் பொம்மைக்கே போட்டிருக்கு."

"எனக்கும் அப்பிடியே குத்திவிடு."

"ஓம், நிமிர்ந்து நிண்டா ஒண்டும் செய்யாது. பயப்பிடாதேங்கோ."

படிப்பிக்க நிமிர்ந்து நின்றால் போதும். ஜப்பான்காரருக்கு வணக்கம் சொல்லத்தான் அது போதாது. நேர்முகத்தேர்வு நடந்த ஹோட்டல் அறைக்குள் நான் நுழைந்ததும் மூன்று பேர் எழும்பி, இடுப்பு வளையக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

"ஐயோ அம்மா!"

தங்களில்தான் ஏதோ பிழை என்று பதறி, அவர்கள் இன்னும் ஆழமாகக் குனிந்தார்கள். பதில் மரியாதை செய்யாமல் விடலாமா? குனிந்தேன். "ஐயோ!" அவர்களும் குனிந்தார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு நாட்டுக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவர்களில் மூத்த பெண்மணி, "உங்களுக்கு மிகவும் வியர்க்கிறது. கோட்டைக் கழற்றுங்களேன்" என்றார், ஆங்கிலத்தில், அவ்வளவு அன்பாக.

என் புத்தி பாய்ந்து வேலை செய்தது. இது சோதனை! நிர்வாகம் இன்னும் கோடையை அறிவிக்கவில்லை! "முடியாது மேடம்" என்று மார்பை நிமிர்த்தினேன். கதிரையைக் காட்டினார்கள். இருந்து, சாய்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை, குண்டூசிகள் பேசின. துள்ளி எழும்பி, "சும்மா நிண்டு சிரிக்கிறதுக்கு ஏன் சம்பளம் இல்லை?" என்று தூய யாழ்ப்பாணத் தமிழில் கத்தினேன். முதுகில் ஊசிகள் தெறித்து, கோட் கூடாரம்போல விரிந்தது. மூவரும் மிகுந்த மரியாதையோடு, விடைகொடுக்கக் குனிந்தார்கள்.

வேலை கிடைக்கவில்லை. கேள்விக்குப் பதிலும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. கிடைத்தது ஒரு பட்டம்தான்: லா சப்பலில் எனக்கு 'ஜப்பான் அண்ணை' என்று பெயர். கல்யாணக் கார்டில்கூட அடைப்புக்குள் 'ஜப்பான்' என்று போடுகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டார்:

"ஜப்பானிலை எவ்வளவு காலம் இருந்தனீங்கள்?"

நான் வாயைத் திறக்க முதல் மனைவி சொன்னாள்: "எங்கை இருந்தவர்? இருந்த உடனை எழும்பிட்டார்."