மாலைக்குப் பின்னால் ஹெட் கிளார்க்

"சார், உங்களைத்தான். ரெண்டாவது வரிசையில, ஓரத்துல. மாலை மறைக்குது. கொஞ்சம் தலையைச் சாய்ங்க," என்றார் போட்டோக்காரர், கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

ஹெட் கிளார்க் பராங்குசம் தலையைச் சாய்க்கவில்லை. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஹெட் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், நாலு வருஷத்துக்கு முன் வந்த கலியாணசுந்தரத்தின் மாலைக்காகத் தலையைச் சாய்ப்பதா? மாலைதான் நகர வேண்டும்.

மாலை நகரவில்லை. போட்டோ எடுத்தாகிவிட்டது.

மைத்துனி கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் திருவள்ளூர் போயிருந்த பராங்குசம் அன்று காலைதான் திரும்பியிருந்தார். வந்து பார்த்தால் ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. அது வழக்கம்தான். ஆனால் இன்று காரணத்தோடு செய்யாமலிருந்தார்கள். கிளார்க் கலியாணசுந்தரம் வாலாஜாபாத் நூல் டிப்போவுக்குப் போகிறானாம். அதற்கு ரோஜா மாலை, பட்டு அங்கவஸ்திரம், கோவில் இட்லி, குரூப் போட்டோ. செக்ரட்டரி தனசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். டைப்பிஸ்ட் இந்திராணி துடைக்காமலே அழுதாள்.

பராங்குசம் பியூன் ராமலிங்கத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு?"

"நல்ல மனுசன் சார். பிரியறதுன்னா கஷ்டமா இருக்குது."

"நாலு வருஷத்துல அப்படி என்ன பண்ணிட்டான்?"

ராமலிங்கம் யோசித்தான். "ஒண்ணும் பண்ணல சார். யாரையும் ஒண்ணும் பண்ணல."

பராங்குசத்துக்கு ஒரு சுபாவம். தமக்கு இல்லாதது அடுத்தவனிடம் இருக்கக் கூடாது. தமக்கு இருப்பதும் அடுத்தவனிடம் இருக்கக் கூடாது. இந்திராணியின் நாற்காலிக்குப் புது மெத்தை வந்தபோது, மெத்தையில் உட்கார்ந்து டைப் அடித்தால் எழுத்து கோணும் என்று மெமோ கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். ராமலிங்கத்தின் புதுக் காக்கிச் சட்டையில் தம்முடையதைவிட ஒரு பை அதிகம் என்று கண்டுபிடித்து, அதைப் பிரிக்க வைத்தார். சேலை எடை போடும் முருகேசனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து இரண்டு நாள் லீவு கேட்டபோது, "பிரசவம் ஒண்ணுதானே?" என்று ஒரு நாளை வெட்டிவிட்டார். அவருக்குக் குழந்தை கிடையாது.

ஒரு வாரத்தில் போட்டோ சட்டம் போட்டு வந்து முன்கூடத்தில் ஏறியது. படத்தில் பராங்குசத்தின் ஒரு காதும் பாதி நாமமும் இருந்தன. மீதி ரோஜாப்பூ.

சேலை கொடுக்க வந்த நெசவாளர் ஒருவர் படத்தை அண்ணாந்து பார்த்தார். "சாமி, நீங்க அன்னிக்கு லீவுங்களா?"

"இல்லைய்யா. அந்தக் காது நான்தான்."

"அப்படிங்களா? காது நல்லா வந்திருக்குது சாமி."

பராங்குசம் நேரே செக்ரட்டரி அறைக்குப் போனார். முன்கூடத்தில் வெயில் அடிக்கிறது, படம் வெளுத்துவிடும், எங்கேயாவது உள்ளே மாட்டினால் தேவலை என்றார். உள்ளே என்று அவர் சொன்னது பாவு நூல் வைக்கும் கிடங்கை. தனசேகரன் உடனே ஒப்புக்கொண்டு, படத்தைக் கழற்றி, பராங்குசத்தின் மேசைக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார்.

"இங்க துளி வெயில் வராது சார். உங்க கண்ணெதிரிலேயே இருந்தா பத்திரமாவும் இருக்கும்."

காலை பத்து முதல் மாலை ஐந்து வரை கலியாணசுந்தரம் மாலையும் கழுத்துமாக அவரைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மின்விசிறிக் காற்று போயிற்று. சிரிப்பு மட்டும் முதுகில் உறைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முருகேசன் வாலாஜாபாத் போய்விட்டு வந்தான். வந்தவன் இந்திராணியிடம் மெதுவாகப் பேசினான். மெதுவாக என்றால், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"தனி ரூம்பும்மா. வாசல்ல போர்டு. போர்டுல அவரு பேரு. மேசை மேல பித்தளை மணி ஒண்ணு வெச்சிக்கினு இருக்காரு. தட்டினா ஆள் வருது."

பராங்குசத்தின் பேனா நின்றது. "மணியா?"

"ஆமாம் சார்."

இருபத்திரண்டு வருஷமாக அவர் ராமலிங்கத்தைத் தொண்டை கிழியக் கத்தித்தான் கூப்பிடுகிறார். எத்தனை கத்தினாலும் மூன்றாவது தடவைதான் வருவான்.

"முதல் தட்டுக்கே வர்றானா?"

"தட்டறதுக்குள்ளவே வந்துடறான் சார்."

"பாலாத்துக் காத்து வேற சும்மா வீசுதாமே?" என்று இந்திராணி சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில், பராங்குசத்தின் வீட்டில் ரசம் ஆறிப்போனது.

"நேக்கு ஒரு மணி கிடையாது. அவனுக்கு மணி! போர்டு! என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? சீனியர் நானா, அவனா?"

மனைவி வைதேஹி அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். "ஏன்னா, உங்களுக்கு வாலாஜாபாத் வேணுமா, இல்லே அவனுக்கு வேண்டாமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

"ஒண்ணில்லை. முதலாவதுக்கு மூட்டை கட்டணும். நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மூட்டை கட்டுகிற எண்ணம் பராங்குசத்துக்கும் இல்லை. செக்ரட்டரி அறைக் கதவை ஒட்டிப் போட்ட அந்த நாற்காலியைத் தாண்டாமல் ஊரில் எந்த நெசவாளரும் உள்ளே போக முடியாது. தாண்டுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். அதை விட்டு அரிசி மில் தவிடு பறக்கும் ஒரு டிப்போவுக்குப் போக அவருக்கு என்ன பைத்தியமா? அவர் கேட்டது நியாயம் ஒன்றுதான். வாலாஜாபாத்தை முதலில் தமக்குத் தருவதாகச் சொல்லியிருக்க வேண்டும். தாம் வேண்டாம் என்றிருப்பார். அதன்பிறகு, சீனியர் வேண்டாம் என்றதைத்தான் உனக்குத் தருகிறோம் என்று கலியாணசுந்தரத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு ஆட்சேபணைக் கடிதம் எழுதினார். "சீனியாரிட்டிப்படி வாலாஜாபாத் டிப்போ எனக்கு உரியது" என்று தொடங்கி நாலு பக்கம். செக்ரட்டரி வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுப்பார். அதைச் சட்டம் போட்டுக் கலியாணசுந்தரத்தின் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்பது திட்டம்.

தனசேகரன் நாலு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். "தப்பு எங்க மேலதான் சார். நியாயம்னா நியாயம்தான். டிப்போ உங்களுக்குத்தான்."

"அதாவது..."

"இந்திராணிம்மா! ஆர்டர் அடி."

ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் இந்திராணி, ஒரு பிழை இல்லாமல் ஐந்தே நிமிஷத்தில் அடித்துக் கொண்டுவந்தாள்.

பராங்குசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவசரமில்லை சார். ஆத்துல அவளுக்கு மூச்சு வாங்கறது. டாக்டர் இடம் மாறப்படாதுன்னு..."

"மூச்சா? வாலாஜாபாத் காத்துதான் சார் அதுக்கு மருந்தே! போன வருசம் எங்க அத்தை ரேணுகாம்பாள் அங்க போய்த்தான் பொழைச்சாங்க."

"அதுக்கில்லை. பாவம், கலியாணசுந்தரம் சின்னப் பையன். ஆசையாப் போயிருக்கான். அவன் வாயில மண்ணைப் போடறதுக்கு நேக்கு மனசு வரல்லை."

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அந்த ஆபீஸ் கேட்டதில்லை. தனசேகரன் ஒரு கணம் ஆடிப்போய்விட்டார். பிறகு சொன்னார்: "உங்க பெரிய மனசு சார். எதுக்கும் அவனைக் கேட்டு எழுதறேன்."

இரண்டு நாளில் பதில் வந்தது. தனசேகரன் அதைக் கூடத்துக்கு நடுவில் நின்று உரக்கப் படித்தார். "மரியாதைக்குரிய பெரியவர் ஆசைப்படுகிறார். அவருக்காக நான் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்."

"தங்கமான பையன்!" என்றான் முருகேசன். இந்திராணி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

பராங்குசத்தின் காது, படத்தில் இருந்ததும் சேர்த்து, சிவந்துபோயிற்று.

"அவன் யாருய்யா நேக்கு விட்டுக்கொடுக்கறதுக்கு? என் உரிமைய்யா அது! எங்கே அந்த ஆர்டர்?"

"சார், யோசிச்சி..." என்றார் தனசேகரன், பேனாவைத் திறந்து நீட்டியபடி.

பராங்குசம் கையெழுத்துப் போட்டார். மை காய்ந்த பிறகுதான் நினைவு வந்தது. "அப்போ அவனுக்கு?"

"அவனா? அவனை எங்கயாவது போட்டுக்கலாம் சார்."

எங்கயாவது! அந்த ஒரு சொல் இனித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே அசைபோட்டார். வைதேஹி மூட்டை கட்டினாள், ஒன்றே ஒன்று. அதில் அவருடைய துணிமணி மட்டும் இருந்தது.

வழியனுப்பு விழா வெள்ளிக்கிழமை நடந்தது. பராங்குசம் முன்னாலேயே வந்து நாற்காலிகளைப் போட வைத்தார். நடு நாற்காலி அவருக்கு. மாலையை முழம் போட்டுப் பார்த்தார். இட்லியோடு சர்க்கரைப் பொங்கலும் உண்டா என்று விசாரித்து, போன தடவை பொங்கல் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். அங்கவஸ்திரத்தின் ஜரிகைக் கரை இரண்டு விரல் அகலம். அவனுடையது ஒன்றரைதான் என்று முருகேசனே ஒப்புக்கொண்டான்.

தனசேகரன் அழுதார். இந்திராணி அழுதாள். முருகேசன் தோளெல்லாம் குலுங்கக் குலுங்க, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். போட்டோவில் பராங்குசத்தின் முகம் முழுசாக விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சிரித்த முதல் நாள் அதுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ராமலிங்கம் பெட்டியைத் தூக்கி வந்தான். வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து அவரை உட்கார வைத்தான். பராங்குசம் மாலையைக் கழற்றவில்லை. மடியில் இடம் போதாமல் பக்கத்து சீட்டுக்காரர் மேலும் கொஞ்சம் கிடந்தது.

"ராமலிங்கம், உண்மையைச் சொல்லு. யார் மாலை பெரிசு?"

"உங்களுதுதான் சார். இன்னா சந்தேகம்?"

"யாருக்கு ஜாஸ்தி அழுதா?"

"உங்களுக்குத்தான் சார். முருகேசன் இன்னும் நிறுத்தல."

பராங்குசம் சாய்ந்து உட்கார்ந்தார். டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் விசில் ஊதினார். எல்லாவற்றிலும் ஜெயித்தாயிற்று. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு முள் மட்டும் மிச்சம் இருந்தது. நகரும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சரிப்பா, நான் சீனியர், நேக்கு செஞ்சது நியாயம். நாலு வருஷக்காரன் மாத்தலாகிப் போறதுக்கு எதுக்குய்யா அவ்வளவு தடபுடல் பண்ணினேள்?"

ராமலிங்கம் பஸ்ஸோடு கூடவே நாலடி ஓடி வந்தான்.

"அவருக்கு ஏது சார் மாத்தல்? ஒரு மாசம் நூல் சரக்கு எண்ணிட்டு வரத்தான் போனாரு, நாளைக்கு வந்து உங்க சீட்ல குந்திக்குவாரு. நீங்களா கேட்டு வாங்கிக்கினு போவணும்னுதான் அன்னிக்கு நாங்க எல்லாரும் அப்பிடி அழுதோம்!"