கடைக்காரர் முடியாது என்று சொன்ன பிரேக்

அவருடைய நீலச் சட்டையில் ஒட்டியிருக்கிற கிரீஸ் கறைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது தடவை. கறை சட்டையை விட்டுப் போகாது, சட்டைதான் கறையை விட்டுப் போகும் போலிருக்கிறது. கொஞ்சம் ஊறட்டும். அது ஊறுகிற நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதிவிடுகிறேன்.

கதை என் வீட்டுக்காரரைப் பற்றியது. அவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்குமோ என்னவோ.

அவருக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. ‘உடையும் பொருள், கவனம்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டுகிற பிரிவு. பத்து வருஷமாக ஒட்டி ஒட்டி, உலகத்தில் உடையாத பொருள் எதுவுமே அவர் கண்ணில் படுவதில்லை. என்னையும் எங்கள் இரண்டரை வயதுப் பாப்பாவையும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தால், நெற்றியில் ஆளுக்கொரு சீட்டு ஒட்டித்தான் அனுப்புவார்.

எங்கள் தெரு ஒரே இறக்கம். வீடு உச்சியில், முதல் மாடி. இறக்கத்தின் அடியில் லாரி ஓடுகிற பெரிய ரோடு. அதைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போனால் ஒரு தையல் கம்பெனி. கல்யாணத்துக்கு முன்பு நான் அந்த மாதிரி ஒரு இடத்தில்தான் சட்டைக்குக் காலர் தைத்தேன். ஒரு நாளைக்கு நானூறு காலர். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் பேசாது. கை பேசும்.

போன மாதம் அந்தக் கம்பெனி மேற்பார்வை அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். “காலர் மெஷின் ஒண்ணு காலியா இருக்கு. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை, காலைல எட்டு மணிக்கு வந்துடணும். வரலேன்னா வேற ஆள் உட்கார்ந்துடும். பிள்ளைய விடறதுக்கு இங்கேயே ரூம் இருக்கு.”

அந்த மெஷின் எனக்கு வேண்டும். இதற்கு மேல் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூட என் வலது கால் தானாகப் பெடலை மிதித்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரம். சைக்கிள் என்றால் இருபது நிமிஷம். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சும்மாதான் நின்றது. அவர் ஆபீஸுக்கு நடந்தே போகிறவர். நான் அதன் மேல் பாப்பா துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, நான் சைக்கிள்ல போயிடுவேன்.”

“அந்த இறக்கத்துலயா? பிள்ளைய வச்சுக்கிட்டா?”

“பிரேக் பிடிச்சுக்கிட்டே இறங்குவேன்.”

“அது பிரேக்கா? ரெண்டு ரப்பர் துண்டு. சக்கரத்தைத் தடவிக் கொடுக்கும். அவ்வளவுதான்.”

“புது ரப்பர் மாத்திக்கலாங்க.”

“மழை வந்தா? சோப்பு மாதிரி வழுக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது. அந்த இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக்தான் வேணும். மோட்டார் பைக் சக்கரத்துல தட்டு மாதிரி ஒண்ணு இருக்கே, அது. மழையாவது வெயிலாவது, பிடிச்சா பிடிச்சதுதான். ஒரு விரல் போதும். சின்னப் பிள்ளைகூட நிறுத்தலாம்.”

“அப்போ அதையே போட்டுக் கொடேன் தம்பி” என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது. மேல்மாடி அக்கா. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற வேலை அவர்களுக்கு. எங்கள் வீட்டுப் பேச்சில் பாதிக்கு அவர்கள்தான் சாட்சி.

அக்காவைப் பார்த்ததும் இவருக்குக் குரல் ஏறிவிட்டது. “போடறேன்க்கா! நானே போடறேன். டிஸ்க் பிரேக் போட்ட அன்னைக்கு இவ தாராளமா போகட்டும். நான் குறுக்க நின்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க.”

உள்ளே வந்து மெதுவாகச் சிரித்துக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் போனில் ரிப்பேர் வீடியோ பார்க்கிறவர் அவர். சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற ஹப்பில் டிஸ்க்கைப் பொருத்துவதற்கு இடம் வேண்டும், எங்கள் சைக்கிள் மாதிரிப் பழசுக்கு அந்த இடமே கிடையாது என்று அவர்தான் ஒருமுறை எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். என்னிடம் சொன்னதை அவர் மறந்துவிட்டார். கேட்டதை நான் மறக்கவில்லை.

நாலு நாள் ஆயிற்று. சைக்கிள் மேல் துணிதான் காய்ந்தது. ஐந்தாம் நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

“பிரேக் வேலைய விட்டுடுங்க. சைக்கிள் கடைக்காரர் சொல்லிட்டாரு. இந்த ஹப்புக்கு டிஸ்க் போட யாராலயும் முடியாதாம்.”

கை பாதியில் நின்றது. “யாராலயும்னா?”

“யாராலயும்தான். அதுலயும்...”

“அதுலயும்?”

“வேண்டாம். சாப்பிடுங்க.”

“சொல்லப்போறியா இல்லையா?”

“அதுலயும், பார்சலுக்குச் சீட்டு ஒட்டறவங்களால முடியவே முடியாதாம்.”

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சைக்கிள் மேலிருந்த துணியை எல்லாம் எடுத்து என் கையில் கொடுத்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் நான் இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கடை வந்தால் எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவேன். எனக்குக் கூச்சம்.

மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டிஸ்க் பிரேக்கையும் ஒரு ஹப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரி ஹப்பை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார்.

“இது பின்சக்கரத்து ஹப். இந்த ஓரத்துல பாரு, மரை இருக்கு. பல்சக்கரம் திருகறதுக்கு. நான் என்ன பண்ணப்போறேன், ஒரு பழைய பல்சக்கரத்துல ஆறு துளை போட்டு, அதுல டிஸ்க்கை போல்ட் போட்டு, அதை இந்த மரையில திருகிடப்போறேன். அப்புறம் இந்த ஹப்பை முன்சக்கரத்துக்கு மாத்திடுவேன். அந்தக் கடைக்காரன் வாயைப் பொத்திக்கணும்.”

அன்றிலிருந்து எங்கள் முன்னறை அறையாக இல்லை. உட்காருகிற இடத்தில் ரிம். படுக்கிற இடத்தில் கம்பிகள். தச்சரிடம் இரவல் வாங்கிய துளை போடும் மெஷின் பாப்பாவின் தொட்டிலில் தூங்கியது. பாப்பா என் மடியில் தூங்கினாள்.

முதல் துளையிலேயே ஊசி முறிந்தது. இரண்டாவது ஊசியும் முறிந்தது. “இது ஆகாது போல” என்றார்.

“பரவாயில்லைங்க” என்றேன். “கடைக்காரர் சொன்னப்பவே நினைச்சேன்.”

மூன்றாவது ஊசி வந்தது. ஆறு துளையும் விழுந்தன.

ஹப் அகலம், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற கவை ஒடுக்கம். உள்ளே நுழையவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, “கடைக்காரருக்கு அனுபவம் ஜாஸ்திதான்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஹப்பின் இரண்டு பக்கத்திலும் வளையங்களைக் கழற்றிக் குறைத்து, கவையைக் காலால் மிதித்து அகட்டி, மூச்சு வாங்க உள்ளே நுழைத்துவிட்டார்.

கம்பி கோர்ப்பதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. சுற்றினால் சக்கரம் நெளிந்து நெளிந்து ஆடியது. அவர் குளிக்கப் போனபோது நான் இரண்டு கம்பியை மாற்றிக் கோர்த்து முறுக்கினேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. காலர் தைத்த கைக்கு இது தெரியாதா? அவர் வந்து சுற்றிப் பார்த்தார். “பாத்தியா, அதுவே நேராயிடுச்சு. நல்ல வேலைன்னா அப்படித்தான்.”

“ஆமாங்க” என்றேன்.

டிஸ்க்கை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. அவர் ஆபீஸ் மேனேஜருடைய மோட்டார் பைக்கில் வலது பக்கம் இருக்கிறதாம். மேனேஜர் தப்புச் செய்யமாட்டார் என்பது இவர் நம்பிக்கை. டிஸ்க் வலது பக்கம் போனது. அதைக் கவ்விப் பிடிக்கிற கிடுக்கியையும் அதே பக்கத்தில் இரண்டு பட்டை போட்டுக் கவையோடு இறுக்கினார்.

சோதனை ஓட்டம் பக்கத்துச் சந்தில் நடந்தது. அங்கே சமதரை. யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று மணல் கொட்டியிருந்தது. மேல்மாடி அக்கா, தச்சர், இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இவர் வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிரேக்கைப் பிடித்தார்.

டிஸ்க் நின்றது. சக்கரம் நிற்கவில்லை.

மரை கழன்று, டிஸ்க் விலகி, கவையில் போய் முட்டி, ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் அங்கேயே இருந்தது. இவர் மட்டும் மணலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

“தம்பி, பிரேக் நல்லாத்தான் நிக்குது. நீதான் நிக்கல” என்று சொல்லிக்கொண்டே அக்கா முழங்கைக்குக் கட்டுப் போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எல்லாரும் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். “போதும். விட்டுடலாம்.”

திங்கட்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது. கடைக்காரர் பேரை மறுபடி இழுக்கலாம் என்று வாய் வரை வந்தது. முழங்கைக் கட்டைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லி ஒருத்தரை மணலில் தள்ளியது போதும் என்றுதான் தோன்றியது. அன்றைக்கு அடுக்களையில் நான் கொஞ்சம் அழுதேன். மெஷினுக்கா, முழங்கைக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அழுதபடியே ஒரு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மூடியை ஒரு கை பிடித்துக்கொள்கிறது, பாட்டிலை இன்னொரு கை சுற்றுகிறது. ஒரு பக்கம் சுற்றினால் கழல்கிறது. மறு பக்கம் சுற்றினால் இறுகுகிறது. நான் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். திரும்ப வந்து பாட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு மூடியை நன்றாக இறுக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

“என்னங்க, இது திறக்க மாட்டேங்குது.”

ஒற்றைக் கையால் திறந்து கொடுத்தார். “இந்தப் பக்கம் திருப்பினா கழலும், அந்தப் பக்கம் திருப்பினா இறுகும். இதுகூடத் தெரியாதா?”

“எனக்கென்னங்க தெரியும். அப்போ, சக்கரம் ஓடும்போது டிஸ்க்கைப் பிடிச்சா அது எந்தப் பக்கம் திரும்பும்?”

“அது வந்து...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மூடியைப் போட்டார். எடுத்தார். போட்டார். எடுத்தார். எழுந்தார்.

“சக்கரத்தைத் திருப்பிப் போடணும்! டிஸ்க்கும் கிடுக்கியும் இடது பக்கம் வரணும்! அப்போ பிடிக்கப் பிடிக்க இறுகும்! கண்டுபிடிச்சுட்டேன்!”

“எப்படிங்க உங்களுக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?”

“அதெல்லாம் பிறவியிலேயே வரணும்” என்றார்.

நேற்று, சனிக்கிழமை சாயங்காலம், இறக்கத்திலேயே சோதனை. என் எடைக்கும் பாப்பா எடைக்கும் சேர்த்து ஒரு மணல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சக்கரத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றச் சொன்னார். பாதி இறக்கத்தில் ஒரே ஒரு விரலால் பிடித்தார். சைக்கிள் சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் நின்றது. தெருவே கை தட்டியது.

“பாத்தீங்களா? பச்சைப் பிள்ளைய உட்கார வச்சுக்கூட இறக்கலாம்! அவ்வளவு கெட்டி!”

“அப்போ திங்கக்கிழமை இவ போறா” என்றார்கள் மேல்மாடி அக்கா.

அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரோ ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி இருந்தது.

“அதுக்கில்லக்கா... மழை வந்தா?”

“மழையாவது வெயிலாவது, பிடிச்சா பிடிச்சதுதான்னீங்க” என்றேன். அத்தனை பேர் எதிரில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

“உன் கைக்கு அந்த அழுத்தம் வராதே.”

“ஒரு விரல் போதும்னீங்க.”

“பாப்பா பயந்து கையை இழுத்தா?”

“சின்னப் பிள்ளைகூட நிறுத்தலாம்னீங்க.”

“நடு இறக்கத்துல கழண்டா?”

“பிடிக்கப் பிடிக்க இறுகும்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க.”

“தம்பி, புதுப் பேரு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?” என்று அக்கா கேட்டார்கள்.

அவர் சைக்கிளைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “போகட்டும்க்கா. நான் எப்போ வேண்டாம்னேன்?” என்றார். வீட்டுக்கு வந்ததும் மத்தியானச் சாப்பாட்டை எந்த டப்பாவில் எடுத்துப் போவது என்று அவரே தேட ஆரம்பித்தார். சொன்னேனே, நல்ல மனிதர்.

இன்று ஞாயிறு. காலையில் சைக்கிளைப் பளபளவென்று துடைத்து, பாப்பா உட்கார ஒரு சின்ன இருக்கையும் மாட்டினார். பிறகு தலை வாரிக்கொண்டு கிளம்பினார்.

“எங்கேங்க?”

“கடைக்காரன்கிட்டதான். முடியாதுன்னானே, கண்ணால பாக்கட்டும்.”

சோப்பு என் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. தடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இறக்கத்தில் போய்விட்டார். அவ்வளவு நல்ல பிரேக்கை ஒரு இடத்தில்கூட அவர் பிடிக்கவில்லை.

இப்போது கீழே மணிச் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். அவர் தனியாக வரவில்லை. பக்கத்தில் கடைக்காரரும் நிற்கிறார்.

“ஏய், கீழ வா! இந்த மனுஷன் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிக்கறார்! நான் செஞ்சு முடிச்சதும் பயந்துட்டார்! நீ வந்து இவர் முகத்துக்கு நேரா சொல்லு!”

“உங்க வீட்டம்மாவை நான் பாத்ததே இல்லை சார்” என்று கெஞ்சுகிறார் கடைக்காரர்.

“கேட்டியா? ஆளையே பாத்ததில்லையாம்! எப்படிப் புளுகறார் பாரு! வர்றியா இல்லையா?”

இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாப்பாவை இடுப்பில் எடுத்துக்கொண்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு நான் அந்த மெஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் இப்போது கீழே இறங்கிப் போய், முன்பின் பேசாத ஒரு மனிதரை நிமிர்ந்து பார்த்து நான் முதன்முதலாகச் சொல்லப்போவது என்னவென்றால், அண்ணா, நீங்கதானே முடியாதுன்னு சொன்னீங்க?